15 வோல்ட்டில் தொடங்குவது

அந்தக் கருவியின் முகப்பில் 30 சுவிட்சுகள் ஒரே வரிசையில் இருந்தன. இடது கோடியில் 15 வோல்ட், வலது கோடியில் 450. அடுத்தடுத்த இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே வித்தியாசம் வெறும் 15 வோல்ட். நான்கு நான்கு சுவிட்சுகளுக்கு ஒரு பெயர் போட்டிருந்தது: ‘லேசான ஷாக்’, ‘மிதமான ஷாக்’, ‘பலமான ஷாக்’ என்று ஏறிக்கொண்டே போய் ‘ஆபத்து: கடுமையான ஷாக்’ வரை. கடைசி இரண்டுக்குப் பெயரே கிடையாது, மூன்று எக்ஸ் குறிகள் மட்டும். ஒன்றை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், உள்ளே ஏதோ இரையும், நீல விளக்கு மின்னும், வோல்ட்மீட்டரின் முள் வலப்பக்கம் துள்ளும். விரலை எடுத்த பிறகு சுவிட்ச் பழைய இடத்துக்குத் திரும்பாது, பாதியில் நின்றுவிடும். இதுவரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அழுத்துபவரின் கண்ணெதிரிலேயே இருந்தது.

1961 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய பரிசோதனையின் கருவி இது. யூதப் படுகொலையில் பங்கேற்ற அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை ஜெருசலேமில் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ‘மேலிடத்து உத்தரவு, செய்தேன்’ என்ற வாதம் உலகத்தின் காதில் விழுந்துகொண்டிருந்த நேரம். சாதாரண மனிதர்களிடம் அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மில்கிராம் அளக்க நினைத்தார்.

விளம்பரம் பார்த்து வந்தவர்களுக்கு 4 டாலரும் வழிச்செலவுக்கு 50 சென்ட்டும் கொடுத்தார்கள். வந்ததற்கே அந்தப் பணம், அதன் பிறகு என்ன நடந்தாலும் அது உங்களுடையதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சீட்டுக் குலுக்கலில் ஒருவர் ‘ஆசிரியர்’, மற்றவர் ‘மாணவர்’. இரண்டு சீட்டிலும் ‘ஆசிரியர்’ என்றே எழுதியிருந்தது வந்தவருக்குத் தெரியாது. மாணவராக நடித்தவர் 47 வயதுக் கணக்காளர். அடுத்த அறையில் அவரை நாற்காலியில் கட்டி, கையில் கம்பியை இணைத்தார்கள். ஆசிரியருக்கு 45 வோல்ட் மாதிரி ஷாக் ஒன்றைக் கொடுத்துக் காட்டினார்கள். அந்தக் கருவியிலிருந்து உண்மையில் யாருக்காவது ஷாக் போனது என்றால் அது இது ஒன்றுதான். பிறகு வேலை எளிது. சொல் ஜோடிகளைப் படிக்க வேண்டும், மாணவர் தவறாகச் சொன்னால் ஒரு சுவிட்ச், அடுத்த தவறுக்கு அடுத்த சுவிட்ச். பதில் வராவிட்டால் அதுவும் தவறுதான். தயங்கினால் தொடரச் சொல்ல அறையில் ஒரு பரிசோதகர் இருந்தார்.

முதலில் வெளியான முடிவில் 40 ஆண்கள். 300 வோல்ட்டில் மாணவர் சுவரை உதைக்கும் சத்தம் கேட்கும்வரை ஒருவர்கூட நிறுத்தவில்லை. கடைசி சுவிட்சுவரை போனவர்கள் 26 பேர், அதாவது 65 சதவீதம். எத்தனை பேர் கடைசிவரை போவார்கள் என்று மனநல மருத்துவர்களிடம் மில்கிராம் கேட்டிருந்தார். ஆயிரத்தில் ஒருவர் என்பதுதான் அவர்களுடைய கணிப்பு.

இந்த 65 என்ற எண்தான் ஊர் முழுக்கச் சுற்றியது. மனிதனுக்குள் ஒரு கொடூரன் ஒளிந்திருக்கிறான் என்றும், மனிதர்கள் ஆட்டுமந்தை என்றும் இரண்டு விதமாக அதற்குப் பொருள் சொன்னார்கள். பரிசோதனையின் விவரங்களுக்குள் போனால் இரண்டுமே நிற்காது.

ரசித்து அழுத்தியவர்கள் அல்ல

கொடூரன் என்ற விளக்கத்தை ஒரே ஒரு மாற்றம் உடைத்துவிட்டது. எந்த சுவிட்சை அழுத்துவது என்பதை ஆசிரியரின் விருப்பத்துக்கே விட்டார் மில்கிராம். கட்டளை இல்லை, ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. 40 பேரில் 38 பேர் 150 வோல்ட்டைத் தாண்டவே இல்லை. பெரும்பாலானோர் மாணவர் முதன்முதலாக முனகும் இடத்தைக்கூடத் தாண்டவில்லை. அடுத்தவரை வதைக்க ஆசைப்பட்டவர்கள் என்றால் அன்றைக்கு அவர்களைத் தடுக்க யாரும் இல்லை.

ஆட்டுமந்தை என்பதும் பொருந்தாது. கடைசிவரை போனவர்கள் அமைதியாகப் போகவில்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். 40 பேரில் 14 பேருக்குக் காரணமில்லாத சிரிப்பு வந்தது. மூன்று பேருக்கு அது அடக்க முடியாத வலிப்பைப் போல வந்தது. ‘அவரைப் போய்ப் பாருங்கள்’, ‘இது சரியில்லை’ என்று வாயால் சொல்லிக்கொண்டே விரலால் அடுத்த சுவிட்சை அழுத்தினார்கள். இந்த விஷயத்தில் மனதில் பதிய வேண்டிய காட்சி இதுதான். அவர்களுடைய மனசாட்சி விழித்தேதான் இருந்தது, ஆனால் அந்த விழிப்பு விரலை நிறுத்தவில்லை. தவறு என்று உணர்வது ஒரு வேலை, நிறுத்துவது வேறொரு வேலை. இரண்டாவதற்கு வேறு திறமை வேண்டும், அதற்கு ஒரு வழியும் திறந்திருக்க வேண்டும்.

படிகளின் அளவு

வழியை அடைத்ததில் முதல் பங்கு அந்த 15 வோல்ட் இடைவெளிக்கு. வந்த உடனே 450ஐ அழுத்தச் சொல்லியிருந்தால் பெரும்பாலானோர் எழுந்து போயிருப்பார்கள் என்பதே என் கணிப்பு. யாரும் அப்படிக் கேட்கவில்லை. 15ஐ அழுத்தச் சொன்னார்கள், அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. 195 சரியென்றால் 210 எப்படித் தவறாகும்? இந்தக் கேள்விக்கு உள்ளே பதில் கிடைக்காது. நிறுத்த வேண்டுமென்றால் 210 தவறு என்று மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது, இதற்கு முன் அழுத்திய 13 சுவிட்சுகளும் தவறுதான் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படி ஏறும்போதும் அந்த ஒப்புதலின் விலை கூடுகிறது. அதனால்தான் தாமதமாக நிறுத்துவது சீக்கிரம் நிறுத்துவதைவிடக் கடினம். ஆபத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நேரத்தில் கால் ஏற்கெனவே புதைந்திருக்கும்.

வரிசையில் இயல்பாகவே ஒரு வாசல் இருந்த இடம் 150 வோல்ட். மில்கிராம் பரிசோதனையை மாற்றி மாற்றிப் பல வகைகளில் நடத்தினார். மாணவரின் குரல் கேட்கும் வகைகளில், தன்னை வெளியே விடும்படி மாணவர் முதன்முதலாகக் கேட்பது அங்கேதான். அதுவரை வலி மட்டும் கேட்டது, இங்கே அவருடைய சம்மதம் முடிகிறது. மில்கிராமின் எட்டு வகைப் பரிசோதனைகளின் முடிவுகளை டொமினிக் பேக்கர் 2008இல் சேர்த்துப் பார்த்தபோது, நிறுத்தியவர்கள் மிக அதிகமாக நிறுத்திய இடம் 150 என்று தெரிந்தது. பின்னால் வரும் அலறல்கள் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. சத்தம் கூடினால் இரக்கம் கூடும், இரக்கம் கூடினால் கை நிற்கும் என்று நாம் நினைக்கிறோம். கை நின்றது அலறலின் அளவைப் பார்த்து அல்ல, நிலைமையின் பொருள் மாறிய இடத்தில்.

2009இல் ஜெர்ரி பர்கர் இதே பரிசோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்தி மீண்டும் செய்தார். 40 பேரில் 28 பேர் அந்த வாசலைத் தாண்டத் தயாராக இருந்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும் மாற்றம் சிறிதுதான்.

மேசை எங்கே, ஆள் எங்கே

மில்கிராமின் உண்மையான கண்டுபிடிப்பு 65 அல்ல. அறையின் அமைப்பை மாற்ற மாற்ற அந்த எண் பூஜ்யத்திலிருந்து தொண்ணூறுக்கு மேல்வரை ஊசலாடியது என்பதுதான். மாணவரை அதே அறையில் உட்கார வைத்தால் 40 சதவீதம் பேர் கடைசிவரை போனார்கள். அவருடைய கையைப் பிடித்து உலோகத் தகட்டின்மேல் அழுத்த வேண்டும் என்றால் 30. பரிசோதகர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் கட்டளை கொடுத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அந்த வகையில் சிலர் ‘ஏற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஃபோனில் பொய் சொல்லிவிட்டு 15 வோல்ட்டையே திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். எதிர்த்துப் பேச வாய் வராதவருக்கும் ஏமாற்றிக் காப்பாற்றும் துணிவு வந்தது.

பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் நடத்தியபோது 47.5. பெயர்ப்பலகைக்கு நாம் நினைக்கும் அளவுக்குச் செல்வாக்கு இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் அந்தச் செல்வாக்கு. கூட உட்கார்ந்திருந்த இரண்டு ‘ஆசிரியர்களில்’ ஒருவர் 150இலும் இன்னொருவர் 210இலும் எழுந்து விலகினால், 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள். சுவிட்சை வேறொருவர் அழுத்த, இவர் சொற்களை மட்டும் படித்தால் 37 பேர் போனார்கள். அமைப்புகளுக்குள் நடக்கும் தீங்கில் பெரும்பகுதி இந்த 37 பேரின் வேலை போலத்தான். ஒருவர் பட்டியல் தயாரிப்பார், ஒருவர் கையெழுத்துப் போடுவார், ஒருவர் வண்டி ஓட்டுவார். விரல் வைத்தவர் யார் என்று தேடினால் ஆளே கிடைக்காது.

இரண்டு பரிசோதகர்கள் 150இல் முரண்பட்டு, ஒருவர் ‘தொடருங்கள்’ என்றும் மற்றவர் ‘நிறுத்துங்கள்’ என்றும் சொன்ன வகையில் 20 பேரில் ஒருவர்கூடக் கடைசிவரை போகவில்லை. 18 பேர் அந்த இடத்திலேயே நின்றார்கள். ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை அறையில் இன்னொருவருக்கும் இருந்தால் அதுவே போதுமானதாக இருந்தது.

நான்காவது வாக்கியம்

தயங்குபவரிடம் பரிசோதகர் சொல்ல நான்கு வாக்கியங்கள் எழுதி வைத்திருந்தார்கள். முதலில் ‘தயவுசெய்து தொடருங்கள்’. அடுத்து ‘நீங்கள் தொடர்வது பரிசோதனைக்குத் தேவை’. மூன்றாவது ‘நீங்கள் தொடர்வது மிக மிக அவசியம்’. கடைசியில் ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்’. இந்த நான்கில் அப்பட்டமான கட்டளை கடைசி ஒன்றுதான். பர்கரின் பரிசோதனையில் அந்த நான்காவது வாக்கியத்தைக் கேட்ட பிறகு ஒருவர்கூடத் தொடரவில்லை.

எத்தனை படித்தாலும் என்னை உலுக்குவது இந்த ஒரு விவரம்தான். அதட்டல் கீழ்ப்படிதலை வாங்கித் தரவில்லை, கெடுத்தது. மக்களை நகர்த்தியது இரண்டாவது வாக்கியம்: ஒரு நல்ல காரியம் நடக்கிறது, அதற்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள். உளவியலாளர்கள் ஸ்டீஃபன் ரைஷரும் அலெக்ஸ் ஹாஸ்லமும் இதைக் கண்மூடித்தனமான கீழ்ப்படிதலாகப் பார்ப்பதில்லை, நோக்கத்தோடு தன்னை இணைத்துக்கொண்டு பின்பற்றுவதாகப் பார்க்கிறார்கள். அந்த விளக்கத்துக்கு மில்கிராமின் விளக்கத்தைவிடச் சான்று வலுவாக இருக்கிறது. தீங்கு செய்யச் சொல்பவர் பெரும்பாலும் மிரட்டிக்கொண்டு வருவதில்லை. அறிவியல், பாதுகாப்பு, நிறுவனத்தின் பேர், நோயாளியின் நலன் என்று நாம் ஏற்கெனவே மதிக்கும் ஒன்றின் பெயரால் நல்ல குரலில் கேட்பார்.

மில்கிராமின் சொந்த விளக்கம், மனிதன் தன்னை இன்னொருவரின் கருவியாகப் பார்க்கும் நிலைக்கு மாறிவிடுகிறான் என்பது. ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்று நாம் சொல்வோமே, அதை அம்பே தனக்குச் சொல்லிக்கொள்கிறது. இதில் உண்மை ஒரு பகுதி உண்டு. 2016இல் எமிலி காஸ்பரும் சக ஆய்வாளர்களும் ஒரு பொத்தானை அழுத்தி எதிரில் இருப்பவருக்கு லேசான உண்மை ஷாக் கொடுக்கச் சொன்னார்கள். பொத்தானுக்கும் பின்னால் வரும் ஒலிக்கும் இடையே எவ்வளவு நேரம் என்று மதிப்பிட வேண்டும். தானாகச் செய்த செயலில் அந்த இடைவெளி குறுகியதாகத் தோன்றும். உத்தரவின்பேரில் அழுத்தியவர்களுக்கு அது நீண்டதாகத் தோன்றியது, கையை வேறு யாரோ அசைத்ததுபோல. ‘நான் செய்யவில்லை, செய்ய வைத்தார்கள்’ என்பது பிறகு கட்டிய சாக்கு மட்டுமல்ல, அந்த நொடியிலேயே உணர்வு கொஞ்சம் விலகிவிடுகிறது. அதற்காகப் பொறுப்பு போய்விடாது. விலகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மில்கிராம் மீதான குற்றச்சாட்டுகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்த ஜினா பெர்ரி, பரிசோதகர் எழுதி வைத்த நான்கு வாக்கியங்களோடு நிற்கவில்லை, பல இடங்களில் விடாமல் வற்புறுத்தினார் என்று காட்டினார். பின்னர் எடுத்த கேள்விப்படிவத்தில், ஷாக் உண்மை என்று முழுதாக நம்பியதாகச் சொன்னவர்கள் பாதிக்குச் சற்றே மேல். நம்பியவர்களிடையே நிறுத்தியவர்கள் அதிகம். ஆகவே 65 என்பதை மனித இயல்பின் மாறாத அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வகைக்கு வகை எண் மாறிய திசை இன்றும் நிற்கிறது.

அறைக்கு வெளியே

1966இல் வெளியான சார்ல்ஸ் ஹாஃப்லிங்கின் ஆய்வில், முன்பின் தெரியாத ஒரு ‘டாக்டர்’ வார்டுக்கு ஃபோன் செய்து ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொன்னார். டப்பாவின் மேலேயே ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 என்று அச்சிட்டிருந்தது. மருந்து மருத்துவமனையின் அனுமதிப் பட்டியலில் இல்லை, ஃபோனில் உத்தரவு வாங்குவதும் விதிக்கு விரோதம். 22 செவிலியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள், வழியில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். இதே நிலைமையை வாயால் விவரித்து வேறு 12 செவிலியரைக் கேட்டபோது 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள்.

1977இல் ரேங்க், ஜேக்கப்சன் இருவரும் இரண்டு முக்கிய மாற்றங்களோடு இதைத் திரும்பச் செய்தார்கள். செவிலியருக்கு நன்கு பழகிய மருந்து, சக செவிலியரிடம் கலந்துபேச வாய்ப்பு. 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். பதினோரு ஆண்டுகளில் செவிலியரின் குணம் மாறிவிட்டது என்று சொல்வதைவிட, அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, பக்கத்தில் கேட்க ஆள் இருந்தது என்று சொல்வதே சரி.

தண்டனைக்குப் பயந்துதான் எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்கு எதிரான மிகக் கசப்பான சான்று 1942 ஜூலை 13, போலந்தின் யூசெஃபூஃப் கிராமம். ஜெர்மானிய ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101இன் சுமார் 500 பேர், பெரும்பாலும் ஹாம்பர்கைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர்கள். யூதக் குடும்பங்களைச் சுட்டுக்கொல்லும் வேலையை விவரித்த மேஜர் வில்ஹெல்ம் டிராப், மூத்தவர்களில் முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். பத்துப் பன்னிரண்டு பேர்தான் வரிசையிலிருந்து வெளியே வந்தார்கள். அன்று குறைந்தது 1,500 பேர் கொல்லப்பட்டார்கள். விலகியவர்களுக்குத் தண்டனை இல்லை. மற்றவர்களைப் பிடித்து நிறுத்தியது, கூட்டாளிகளின் தலையில் அந்தக் காரியத்தைச் சுமத்திவிட்டுத் தான் மட்டும் ஒதுங்குவதா என்ற கூச்சம். யோசிக்கக் கிடைத்ததோ சில நொடிகள்.

எதைச் சொல்வது, எப்போது சொல்வது

எதிர்ப்பு தொடங்கும் நேரம்தான் முதல் விஷயம். பிரிட்ஜ்போர்ட் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மோடிலியானியும் ரோஷாவும் 1995இல் காட்டியது இது: எவ்வளவு சீக்கிரம் முதல் ஆட்சேபம் வாயில் வந்ததோ, அவ்வளவுக்கு அந்த நபர் கடைசியில் மறுக்கும் வாய்ப்பு அதிகம். மறுப்பும் படிப்படியாகத்தான் ஏறுகிறது. 300இல் முதன்முதலாகத் தொண்டையைக் கனைப்பவருக்குப் போதிய படிகள் மிச்சமில்லை. எனவே வேலை தொடங்கும் முன்பே, எந்த இடத்தில் நிறுத்துவேன் என்ற கோட்டை எண்ணாகவோ நிகழ்வாகவோ எழுதி வைப்பது பயன் தரும். ‘நோயாளி வேண்டாம் என்றால்’, ‘கையெழுத்தில்லாமல் பணம் நகர்ந்தால்’ என்பதைப்போல. ‘ரொம்ப மோசமானால்’ என்று வைத்த கோடு நம்மோடு சேர்ந்தே நகரும்.

‘இதற்கு யார் பொறுப்பு?’ என்ற கேள்வி துணிச்சலாகத் தோன்றும், ஆனால் அது ஒரு பொறி. மில்கிராமின் அறையில் அதைக் கேட்டவர்களுக்கு ‘நான் பொறுப்பு’ என்று பரிசோதகர் சொன்னார். பலருக்கு அது மனச்சுமையை இறக்கி வைத்து அடுத்த சுவிட்சை எளிதாக்கியது. கேட்க வேண்டியது வேறு: உத்தரவை எழுத்தில் கொடுங்கள், என் ஆட்சேபத்தையும் அதில் குறியுங்கள். வாயால் பொறுப்பேற்கும் பலர் பேனாவை எடுக்க மாட்டார்கள்.

கேள்வி வடிவமே பலவீனமானது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலையத்தில், மூடுபனியில் கே.எல்.எம். விமானம் ஓடத் தொடங்கியபோது, ஓடுபாதையிலிருந்து பான் ஆம் விமானம் விலகிவிட்டதா என்ற சந்தேகம் அதன் ஃப்ளைட் இன்ஜினியருக்கு வந்தது. அதை அவர் கேள்வியாகக் கேட்டார். கேப்டன் நிறுவனத்தின் பயிற்சித் துறையில் பெயர்பெற்ற மூத்தவர், விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். பேச்சு அங்கே முடிந்தது. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விமானத் துறை இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது வாக்கிய அமைப்பை: பெயரைச் சொல்லி அழை, என்ன தெரிகிறது என்று சொல், என்ன செய்ய வேண்டும் என்று சொல், ஒப்புதல் கேள். பதில் வராவிட்டால் குரலை அல்ல, வார்த்தையைக் கடுமையாக்கு: ‘கவலையாக இருக்கிறது’, பிறகு ‘இது பாதுகாப்பானது அல்ல’, பிறகு ‘நிறுத்துங்கள்’. மூத்தவர் மீதான மரியாதை குறைய வேண்டியதில்லை, மரியாதை இருக்கும்போதே சொல்லக்கூடிய வாக்கியங்கள் கைவசம் இருக்க வேண்டும். உலகச் சுகாதார அமைப்பின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரையும் பெயரும் பொறுப்பும் சொல்ல வைக்கிறது. ஒரு முறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை திறப்பது எளிது.

ஃபோனில் அவசரப்படுத்துபவரின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பதிவில் உள்ள எண்ணுக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் அந்த வரிசையில் இதுவரை இல்லாத ஒருவரை.

ஏன் புதியவர் என்பதற்கு வியட்நாமின் மை லாய் ஒன்று போதும். 1968 மார்ச் 16 காலை, அமெரிக்கக் காலாட்படையினர் அந்தக் கிராமத்தில் நூற்றுக்கணக்கான நிராயுதபாணிகளைக் கொன்றுகொண்டிருந்தார்கள். ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன், ஓடி ஒளிந்த மக்களுக்கும் அவர்களை நோக்கி வந்த தன் நாட்டுப் படையினருக்கும் நடுவே இறங்கினார். தரையில் இருந்த லெஃப்டினன்ட் பதவியில் அவருக்கு மூத்தவர். படையினர் மக்களைச் சுட்டால் அவர்களைச் சுடும்படி தன் குழுவினர் இருவரிடம் சொல்லிவிட்டு, மறைந்திருந்தவர்களை வெளியே கொண்டுவந்து மீட்டு அனுப்பினார். தளத்துக்குத் திரும்பியதும் மேலதிகாரிகளிடம் புகார் செய்தார். அந்த மீட்புக்கு உரிய பதக்கம் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்கு வந்தது. அவரும் அதே ராணுவம், அதே சீருடை. தரையில் இருந்தவர்கள் காலையிலிருந்து குடிசை குடிசையாக நடந்து வந்து சேர்ந்த இடத்துக்கு, அவர் மேலிருந்து நேரே வந்து இறங்கினார்.